பாரதி நகரின் பத்தாண்டுகள்: குடல் நுண்ணுயிரிகளும் உணவு உரிமையும்

சென்னை தியாகராய நகரிலுள்ள பாரதி நகரும் திருமங்கலத்திலுள்ள ஆசியாட் காலனியும் ஒரே மருத்துவ ஆய்வின் இரு பாதிகள். 1990களின் பிற்பகுதியில், சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வு என்ற பெயரில், மருத்துவர் வி. மோகன் தலைமையிலான குழு இவ்விரு குடியிருப்புகளிலும் வயது வந்தோரைப் பரிசோதித்தது. ஆசியாட் காலனியில் நடுத்தர வருமானத்தினர் வாழ்ந்தனர். பாரதி நகரில் குறைந்த வருமானத்தினர் வாழ்ந்தனர். அன்று முன்னதில் நீரிழிவு நோய் 12.4 விழுக்காடாகவும் பின்னதில் 6.5 விழுக்காடாகவும் இருந்தது. நீரிழிவு 'பணக்காரர்களின் நோய்' என்ற பொதுக்கருத்துக்கு இந்த எண்கள் பொருந்தின.

பத்தாண்டுகள் கழித்து அதே குடியிருப்புகளில் மீண்டும் பரிசோதனை நடந்தது. அதன் முடிவுகள் 2011இல் வெளியாயின. நடுத்தர வருமானக் குடியிருப்பில் நீரிழிவு 15.4 விழுக்காடாக உயர்ந்திருந்தது. குறைந்த வருமானக் குடியிருப்பில் அது 15.3 விழுக்காடு. முதல் இடத்தில் ஏற்பட்ட உயர்வு 24 விழுக்காடு. இரண்டாம் இடத்தில் 135 விழுக்காடு. வருமானம் சமமாகவில்லை, வீடு சமமாகவில்லை. நோய் மட்டும் சமமாகிவிட்டது. 2017இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 15 மாநில ஆய்வு இதற்கு அடுத்த கட்டத்தைக் காட்டியது. தமிழ்நாடு உள்ளிட்ட, ஒப்பீட்டளவில் வளமான சில மாநிலங்களின் நகர்ப்பகுதிகளில், வசதியானவர்களைவிட வசதியற்றவர்களிடமே நீரிழிவு அதிகமாக இருந்தது.

இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம் 'வாழ்க்கைமுறை' என்பதாகும். அரிசியைக் குறையுங்கள், கீரை உண்ணுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று அறிவுரை கூறப்படுகிறது. அறிவுரையில் பிழையில்லை. ஆனால் எந்த உணவு யாருடைய தட்டுக்கு எந்த விலையில் வந்து சேர்கிறது என்பதைத் தனிமனிதரின் மன உறுதி தீர்மானிப்பதில்லை. கொள்முதல் கொள்கை, நியாய விலைக் கடை, கூலி, குடியிருப்பு, சாதி ஆகியவை தீர்மானிக்கின்றன. குடல் நுண்ணுயிரிகள் குறித்த அண்மைக்கால அறிவியல் இந்த வாதத்தை மேலும் வலுவாக்குகிறது. அதனால்தான் உரிமைத் தளத்தில் இயங்கும் நாம் அதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பெருங்குடலில் நடப்பது

தீட்டிய அரிசியின் மாவுச்சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது. நார்ச்சத்தின் நிலை வேறு. அதன் பெரும்பகுதியை உடைக்கும் நொதிகள் மனித உடலில் இல்லை. அது செரிக்கப்படாமலேயே பெருங்குடலைச் சென்றடைகிறது. அங்கு வாழும் இலட்சம் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் ஆகிய குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் உயிரணுக்களுக்குப் பியூட்டிரேட்டே முதன்மையான எரிபொருள். இந்த அமிலங்கள் குடல் உயிரணுக்களைத் தூண்டி ஜி.எல்.பி.-1 என்ற இயக்குநீரைச் சுரக்கச் செய்கின்றன. உணவுக்குப்பின் இன்சுலின் சுரப்பைத் தூண்டுவதிலும் பசியடங்கும் உணர்வைத் தருவதிலும் அதற்குப் பங்குண்டு. உடல் எடையைக் குறைக்க இன்று வசதியானவர்கள் போட்டுக்கொள்ளும் செமாகுளுடைட் ஊசி இந்த இயக்குநீரைப் போன்றே செயல்படும் மருந்து. உணவின் விளைவு அம்மருந்தின் வலிமைக்கு ஈடாகாது. ஆயினும் உடல் இயல்பாகவே செய்யக்கூடிய ஒரு பணிக்கான மூலப்பொருள் நார்ச்சத்து என்பதை இது உணர்த்துகிறது.

நார்ச்சத்து கிடைக்காதபோது சில பாக்டீரியாக்கள் குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே உணவாக்கிக்கொள்கின்றன. படலம் மெலிகிறது. பாக்டீரியாக்களின் உடலுறைத் துணுக்குகள் இரத்தத்தில் கசிந்து, வெளியே தெரியாத மெல்லிய அழற்சியை நீடிக்கச் செய்கின்றன. இன்சுலின் தன் வேலையைச் செய்ய முடியாமல் போவதற்கு அத்தகைய அழற்சியும் ஒரு காரணம். இச்செய்திகளில் பல எலிகளிடம் நிறுவப்பட்டவை. மனிதரிடம் படிப்படியாக ஆராயப்பட்டு வருபவை. 2018இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பலவகை நார்ச்சத்து மிகுந்த உணவைப் பெற்ற நீரிழிவு நோயாளிகளிடம் இந்த அமிலங்களை உருவாக்கும் பாக்டீரியாக்கள் பெருகின. இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடும் மேம்பட்டது.

நார்ச்சத்துடன் இணைத்துப் பேசப்பட வேண்டியவை பாலிஃபீனால்கள். தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள உருவாக்கும் இச்சேர்மங்கள் தானியத்தின் தவிட்டிலும் கேழ்வரகின் செந்நிற மேல்தோலிலும் கீரையிலும் பயறுகளின் தோலிலும் செறிந்துள்ளன. இவற்றில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் இவற்றை உடைத்துச் சிறிய மூலக்கூறுகளாக்கிய பின்னரே உடல் பயன்படுத்திக்கொள்கிறது. மாதுளையின் பாலிஃபீனால்களை யூரோலித்தின் என்ற சேர்மமாக மாற்றும் பாக்டீரியாக்கள் எல்லோருடைய குடலிலும் இல்லை. ஒரே பழம் இருவருக்கு ஒரே பயனைத் தருவதில்லை.

இங்கு 2016இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வைக் குறிப்பிட வேண்டும். மனிதக் குடல் பாக்டீரியாக்கள் புகுத்தப்பட்ட எலிகளுக்கு நார்ச்சத்து குறைந்த உணவு தலைமுறை தலைமுறையாகத் தரப்பட்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் பாக்டீரியா வகைகள் குறைந்துகொண்டே வந்தன. நான்காம் தலைமுறைக்கு மீண்டும் நார்ச்சத்து தரப்பட்டபோதும் இழந்த வகைகள் பல திரும்பவில்லை. எலிகளின் முடிவை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆனால் தட்டிலிருந்து பறிக்கப்பட்ட ஒன்றின் இழப்பு அந்த ஒரு தலைமுறையோடு முடியாமல் போகக்கூடும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

தவிடு எங்கே போனது?

பாரதி நகர் ஆய்வு இரத்தச் சர்க்கரையை அளந்தது, குடலை அளக்கவில்லை. ஆனால் சென்னையின் தட்டை அளந்த ஆய்வுகள் உண்டு. 2001இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற ஊரக நோய்ப்பரவல் ஆய்வு, மாநகராட்சி எல்லைக்குள் 26,001 பேரைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் ஒரு பகுதியினரின் உணவை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரையின்படி, தீட்டிய தானியத்தை மிக அதிகமாக உண்டோருக்கு, மிகக் குறைவாக உண்டோரைவிடப் புதிதாக நீரிழிவு கண்டறியப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்தது. நார்ச்சத்தை மிக அதிகமாக உண்டோருக்கு அவ்வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை ஐயமின்றி நிறுவாது. எனவே அதே ஆய்வு நிறுவனம், அதிக எடை கொண்ட சிலருக்கு வெள்ளை அரிசியையும் தவிடு நீக்காத அரிசியையும் மாற்றி மாற்றித் தந்து சோதித்தது. 2014இல் வெளியான முடிவின்படி, தவிடு நீக்காத அரிசி உண்ட நாட்களில் இரத்தச் சர்க்கரை உயர்வு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. அதனுடன் பயறு சேர்ந்தபோது 23 விழுக்காடு குறைந்தது.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில், 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகில் 11 கிராம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தவிடு நீக்காத அரிசி விரைவில் சிக்குவாடை அடிக்கும். தீட்டிய அரிசி கிடங்கில் நீண்ட நாள் தாங்கும். பெருங்கொள்முதலுக்கும் நெடுந்தொலைவுப் பகிர்மானத்துக்கும் அதுவே வசதி. இவ்வாறு கிடங்கின் தேவைக்கு ஏற்ற அரிசி உழைக்கும் மக்களின் அன்றாட உணவாகியது.

நாம் பொது விநியோகத் திட்டத்தை எதிர்க்கவில்லை. வருமான வரம்பின்றி எல்லோருக்குமான திட்டமாக அதைத் தமிழ்நாடு காத்து வந்திருப்பதும், 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுவதும் பசியை விரட்டிய பெரும் சாதனைகள். ஆயினும் கணக்கைப் பார்க்க வேண்டும். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ஓர் அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும், 1 லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் அந்தப் பருப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 கிராம்தான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பருப்பு, முட்டை, இறைச்சி வகைகள் சேர்ந்து நாளொன்றுக்கு 85 கிராம் வேண்டும் என்கிறது. மொத்த ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றும் கூறுகிறது. விலையின்றிக் கிடைப்பது தீட்டிய மாவுச்சத்து. விலை கொடுத்து வாங்க வேண்டியவை பருப்பும் கீரையும் காயும் மீனும். கூலி குறையும் மாதத்தில் எது தட்டிலிருந்து முதலில் மறையும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

ஒன்றிய அரசு இதற்குத் தந்த விடை செறிவூட்டப்பட்ட அரிசி. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவை அதில் சேர்க்கப்படுகின்றன. நீக்கப்பட்ட தவிட்டின் நார்ச்சத்தையும் பாலிஃபீனால்களையும் அது திருப்பித் தருவதில்லை.

சைவத் தட்டும் தாவரச் சத்தும்

தாவரச் சேர்மங்களைப் பற்றிய பேச்சு சென்னையின் சில வட்டாரங்களில் எளிதாகச் சைவ உணவின் பெருமையாக மாறிவிடுகிறது. 'சைவ உணவினருக்கு மட்டும்' என்று வாடகை விளம்பரம் செய்யப்படும் தெருக்கள் மயிலாப்பூரிலும் உண்டு. அதன் பொருள் யாரை விலக்குவது என்பது நம் அனைவருக்கும் தெரியும். அறிவியல் அந்த விலக்கலுக்குத் துணை நிற்பதில்லை. வெள்ளைச் சாதம், மைதா, சர்க்கரை, எண்ணெயில் பொரித்த பலகாரம் அனைத்தும் சைவமே. குடல் பாக்டீரியாக்களுக்கு அவற்றில் உணவு மிகக் குறைவு. மறுபுறம், கேழ்வரகுக் கூழும் கருவாடும், கொள்ளும் ஈரலும், முருங்கைக் கீரையும் மாட்டிறைச்சியும் சேர்ந்த தட்டில் நார்ச்சத்து, பாலிஃபீனால், புரதம், இரும்பு, பி12 எல்லாம் இருக்கின்றன. தாவரத்தை மிகுதியாக உண்பதும் இறைச்சியை விலக்குவதும் வெவ்வேறு செயல்கள். முதலாவது உடல்நலம் சார்ந்தது. இரண்டாவது இந்நாட்டில் பெரும்பாலும் சாதி சார்ந்தது. மாட்டிறைச்சி உண்பதற்கும் தீண்டாமைக்கும் உள்ள வரலாற்று உறவை அம்பேத்கர் 1948இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார்.

கூழும் பழைய சோறும் நீண்ட காலம் இழிவின் அடையாளமாகவே பார்க்கப்பட்டன. தானாக முளைக்கும் கீரை ஒன்றுக்கு வழங்கும் பெயரே குப்பைக் கீரை. இன்று அதே உணவுகள் மண்பானையில் 'பாரம்பரிய உணவு' என்ற பெயரில் விலை கூடி விற்கப்படுகின்றன. பழைய சோற்றின் குடல் நலப் பயனை ஆராய ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரிக்குத் தமிழ்நாடு அரசு நிதி வழங்கியது. ஆய்வு வரவேற்கத்தக்கது. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வடிவம் பெற்றுப் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. நீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. ஆனால் தீட்டிய அரிசியில் செய்த பழைய சோறும் பெரும்பாலும் மாவுச்சத்துதான். அது நீரிழிவுக்கு மருந்தாகிவிடாது. இழிவை எதிர்ப்பதற்காகப் பொய்யான பெருமையைக் கட்டியெழுப்ப வேண்டிய தேவை நமக்கில்லை.

தாவர அறிவு நம் வரலாற்றுக்கு அந்நியமும் அன்று. 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட குடல்

உணவைப் போலவே இடமும் குடலைத் தீர்மானிக்கிறது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் 2000 முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்கும் அனுப்பப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றுக் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு வெளியேற்றம் விரைவுபடுத்தப்பட்டது. 2022 மே மாதத்தில் மயிலாப்பூரை அடுத்த ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது முதியவர் ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். வெளியேற்றப்பட்டவர்களில் கணிசமானோர் பட்டியல் சாதியினர்.

வீட்டு வேலை, தூய்மைப் பணி, கட்டட வேலை ஆகியவை மயிலாப்பூரிலும் அடையாறிலும் தியாகராய நகரிலுமே இருக்கின்றன. பெரும்பாக்கத்திலிருந்து அங்கு செல்ல ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பயணம். விடியலுக்கு முன் வீட்டை விட்டுக் கிளம்பும் பெண்ணுக்குக் கீரை ஆய்வதற்கும் கூழ் காய்ச்சுவதற்கும் நேரம் எங்கிருந்து வரும்? தேநீரும் பொறையும் காலை உணவாகின்றன. குழந்தைக்கு ஐந்து ரூபாய் நொறுக்குத்தீனிப் பொட்டலம் கிடைக்கிறது. சந்தைக்கு அருகில் வாழ்ந்தபோது மாலையில் மலிவாகக் கிடைத்த காய்கறியும் மீனும் தொலைவாகிவிட்டன. குடிநீரில் கழிவுநீர் கலந்தால் குடல் தொற்று மீண்டும் மீண்டும் வருகிறது. ஒவ்வொரு முறையும் எடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் அழிக்கிறது.

இதன் தொடக்கம் கருவறையிலேயே இருக்கலாம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக் குழுவினர், ஊட்டக்குறையுள்ள இந்தியத் தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகள் எடை குறைவாக இருந்தும், தசை குறைந்து கொழுப்பின் விகிதம் மிகுந்திருப்பதைக் காட்டினர். தலைமுறைகளாகப் பட்டினியை அறிந்த உடலுக்கு மலிவான மாவுச்சத்து மட்டும் தாராளமாகக் கிடைக்கும்போது, ஒல்லியான உழைப்பாளிக்கும் நீரிழிவு வருகிறது.

சட்டம் தரும் இடம்

நீரிழிவு மாத்திரை இன்று வாசலுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அதைச் சாத்தியமாக்கியது. பருப்பும் கேழ்வரகும் ஏன் அவ்வாறு வரக்கூடாது என்று கேட்பதற்குச் சட்டத்தில் போதுமான இடமிருக்கிறது.

மக்களின் ஊட்டச்சத்து நிலையை உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் கூறு. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று பிறப்பித்த ஆணை, உணவுத் திட்டங்களைக் கருணையிலிருந்து உரிமைக்கு நகர்த்தியது. பள்ளி உணவுக்கூடப் பணிகளில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 2004இல் அதே வழக்கில் ஆணையிடப்பட்டது. வாழ்வாதாரம் வாழும் உரிமையின் பகுதி என்று 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்டது. வேலையிடத்திலிருந்தும் சந்தையிலிருந்தும் மக்களைப் பெயர்த்தெடுக்கும் வெளியேற்றத்தை எதிர்க்கும்போது, உணவுக்கும் உடல்நலத்துக்கும் நேரும் கேட்டையும் மனுவில் சான்றுகளுடன் சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013, உணவு தானியம் என்பதில் அரிசி, கோதுமையுடன் சிறுதானியங்களையும் சேர்த்திருக்கிறது. பொது விநியோகத்தில் வழங்கும் பொருள்களைக் காலப்போக்கில் பலவகைப்படுத்த வேண்டும் என்று அதன் 12ஆம் பிரிவு கூறுகிறது. 28ஆம் பிரிவு சமூகத் தணிக்கைக்கு வழி செய்கிறது. 29ஆம் பிரிவு நியாய விலைக் கடை அளவு வரை கண்காணிப்புக் குழுக்களை அமைக்கச் சொல்கிறது. அவற்றில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு உரிய இடமளிக்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது.

இவற்றின் அடிப்படையில் நம் கோரிக்கைகள் தெளிவானவை. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 மே மாதம், விரும்பும் அட்டைதாரர்களுக்கு அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது. அதே தெரிவுரிமை சென்னையின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கும் வேண்டும். திணிப்பாக அன்றி, விருப்பத் தெரிவாக, அரிசி உரிமையில் குறைவின்றி அது அமைய வேண்டும். பருப்பின் அளவு அட்டைக்கு என்றில்லாமல் ஆளுக்கு என்று கணக்கிடப்பட வேண்டும்; கொண்டைக்கடலையும் கொள்ளும் சேர்க்கப்பட வேண்டும். 2013இல் மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களின் இட்லி, சாதத் தட்டில் சுண்டலும் கீரையும் இடம்பெற வேண்டும். குடியிருப்புக்குள் காய்கறி, மீன், இறைச்சிக் கடைகளுக்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும். பாரதி நகர் ஆய்வு மக்களை வருமானத்தால் பிரித்தது. அரசு நடத்தும் நீரிழிவு, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்புகள் சாதிவாரியாகவும் வெளியிடப்பட வேண்டும். அளக்கப்படாத ஏற்றத்தாழ்வை நீதிமன்றத்தில் நிறுவுவது கடினம் என்பதை நாம் வழக்குதோறும் உணர்கிறோம்.

கல்லூரி மாணவர்கள் இன்றே தொடங்கக்கூடிய பணி ஒன்றுண்டு. தாம் வாழும் பகுதியின் நியாய விலைக் கடைக்குக் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட்டிருக்கிறதா, அதன் உறுப்பினர்கள் யார், கடைசியாக அது கூடிய நாள் எது, சமூகத் தணிக்கை அறிக்கை எங்கே என்ற நான்கு கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். பதில் தர அரசுக்கு 30 நாள். வரும் பதில்களைத் தொகுத்து வைத்தால், அடுத்த மனுவுக்கான ஆவணம் நம் கையில் இருக்கும்.